யார் கைநீட்டலாம், யார் வாய்காட்டலாம்: வன்னி இளம்பெண்களின் கோபக் கணக்கு

இலங்கையின் வடக்கே வன்னியில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் பஸ்ஸில் நெரிசலைச் சாட்டாக வைத்து ஒருவன் உரசுகிறான். சேலை மடிப்பில் குத்தியிருந்த பின்னைக் கழற்றி அவனுக்கு ஒரு குத்துக் குத்தும் பெண்ணை யாரும் குறை சொல்வதில்லை. பக்கத்தில் நிற்கும் அம்மாவே "நல்லாக் குடுத்தாய் பிள்ளை" என்பா. அதே பெண் மாமிக்கு முன்னால் குரலை உயர்த்தினால் வாய்க்காரி. தன் நாலு வயதுப் பிள்ளைக்குப் பூவரசந்தடியால் இரண்டு போட்டால் அது வளர்ப்பு. புருசன் அடிக்கும்போது திருப்பி அடித்தாள் என்றால் அந்தக் கதையே படலையைத் தாண்டாது. இந்த நாலில் மூன்று உடம்பில் நோவு உண்டாக்குபவை. ஊர் வாயால் கடுமையாகத் தீர்ப்புச் சொல்வதோ யாருக்கும் ஒரு கீறல்கூட விழாத ஒன்றுக்கு.

வன்னியில் வேலை செய்யும் ஆசிரியர்கள், உளவளத்துணையாளர்கள், ஆய்வுக்கு வரும் மாணவர்கள் ஒரே பெண்களைப் பற்றியே "ஏன் இப்பிடி அடங்கிப் போகினம்" என்றும் "ஏன் இப்பிடித் துள்ளுகினம்" என்றும் மாறி மாறிக் கேட்பதற்குக் காரணம் இதுதான். வன்நடத்தையை ஒரு பெண்ணிடம் கூடவோ குறையவோ இருக்கும் ஒரு சரக்காக எடுத்துக்கொண்டு அளக்கப் பார்க்கிறார்கள். பண்பாடு அப்படி அளந்து கொடுப்பதில்லை. யார்மேல், யாருக்காக, யார் பார்க்க, எதைக் கொண்டு என்று வகுத்துக் கொடுக்கிறது. அந்த வகுப்புக்கு அடியில் இன்னும் நடைமுறையான ஒரு கேள்வி கிடக்கிறது: சண்டை முடிந்த பிறகு அவளுக்குப் பக்கத்தில் யார் நிற்பார்கள்? ஒரு இளம்பெண் சண்டையைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பதில் பெரும்பங்கு இந்தக் கணக்குத்தான்.

ஆய்வுகள் எதுவரை உதவும்

1988 இல் பின்லாந்தில் 11, 12 வயதுப் பிள்ளைகளிடம் கிர்ஸ்டி லாகர்ஸ்பெற்ஸ், காய் பியோர்க்விஸ்ற் குழுவினர் செய்த ஆய்வு ஒரு பழைய நம்பிக்கையை உடைத்தது. பெண்பிள்ளைகள் சாதுவானவர்கள் அல்லர். அவர்களின் வழி வேறு. கதை கட்டுவது, கூட்டாளியைப் பிரிப்பது, ஒருத்தியைப் பழிவாங்க இன்னொருத்தியோடு ஒட்டிக்கொள்வது என்று மறைமுகமாகத் தாக்குகிறார்கள். 1995 இல் அமெரிக்காவில் நிக்கி கிறிக், உறவையே ஆயுதமாக்கும் இந்த நடத்தையைத் தனியாக அளந்து காட்டினார். பியோர்க்விஸ்ற் சொன்ன விளக்கம் எளிமையானது: கோபம் வந்த ஆள் பலனையும் ஆபத்தையும் நிறுத்துப் பார்க்கிறார், ஆபத்துக் குறைந்து பலன் கூடும் வழியை எடுக்கிறார்.

வேறு சிலவும் கைகொடுக்கும். 137 சமூகங்களின் பதிவுகளை 1987 இல் ஒப்பிட்ட மானிடவியலாளர் விக்ரோறியா பேர்பாங்க், பெண்களின் தாக்குதல் பெரும்பாலும் பெண்கள் மேலேயே போகிறது என்று கண்டார். சீண்டல் இல்லாதபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் தெரியும் வேறுபாடு, நன்றாகச் சீண்டப்பட்டால் சுருங்கிவிடுகிறது என்று 1996 இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. மெக்சிகோவில் ஒரே மொழி பேசும் இரண்டு சபோடெக் ஊர்களை டக்ளஸ் ஃப்றை ஒப்பிட்டபோது, சண்டையைப் பெரியவர்கள் கண்டும் காணாமல் விடும் ஊரில் பிள்ளைகளும் கூடச் சண்டை பிடித்தார்கள். மொழியும் இனமும் ஒன்றாக இருந்தாலும் ஊர் வேறாக இருக்கலாம் என்பது வன்னிக்கு மிகவும் தேவையான பாடம்.

அப்படியே இறக்குமதி செய்ய முடியாதது ஆன் காம்பெல் முன்வைத்த பிரிவு. ஆண்கள் தாங்கள் கைநீட்டியதை மற்றவரை அடக்கியதாகப் பார்க்கிறார்கள், பெண்கள் தம் கட்டுப்பாட்டை இழந்ததாகப் பார்த்து வெட்கப்படுகிறார்கள் என்பது மேற்கு நாடுகளை மையமாக வைத்து எழுந்த கருத்து. வன்னியில் கட்டுப்பாடு போனதற்கான வெட்கத்தைவிட, யார் கண்டது என்பதற்கான வெட்கம் பெரிது. அறைக்குள் நடந்தது ஒன்று, கிணற்றடியில் நாலு பேர் பார்க்க நடந்தது வேறொன்று. வினாக்கொத்தில் "அதற்குப் பிறகு குற்றவுணர்வு வந்ததா" என்று கேட்டுப் புள்ளி போட்டால், எங்கே நடந்தது என்று கேட்காதவரை அந்தப் புள்ளியால் பயன் இராது.

ஒரு வன்னிக்குள் பல வன்னி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னாரின் பெருநிலப்பகுதி என்று வரைபடத்தில் ஒன்றாகக் கிடக்கும் நிலத்தில் குறைந்தது நாலைந்து விதமான பின்னணிகள் இருக்கின்றன. முள்ளியவளை, ஒட்டுசுட்டான் போன்ற பழைய ஊர்கள் ஒரு பக்கம். இரணைமடுக் குளத்தை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் உருத்திரபுரம், வட்டக்கச்சி போன்ற குடியேற்றத் திட்டங்கள் இன்னொரு பக்கம். 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள், முல்லைத்தீவுக் கரையோரக் கடற்றொழில் குடும்பங்கள், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் போருக்குப் பிறகு திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள். "வன்னிப் பெண்கள் இப்படி" என்று தொடங்கும் எந்த வாக்கியமும் இவர்களில் யாரோ ஒரு பகுதியினரை விட்டுவிட்டே தொடங்குகிறது.

சண்டைக் கணக்கில் இந்தப் பின்னணிகளைப் பிரிப்பது சாமிபடம் அல்ல, காணி. பழைய ஊர்களிலும் யாழ்ப்பாண வழிக் குடும்பங்களிலும் வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டு வளவுக்கு வந்து சேருவார். சுற்றிவரத் தாய், தமக்கை, பெரியம்மா. இரவு பத்து மணிக்குச் சத்தம் கேட்டால் வேலிக்கு மேலால் "என்ன தங்கச்சி, என்ன சத்தம்?" என்று ஒரு குரல் வரும். வாய்காட்டும் துணிவு குணத்தில் இருந்து மட்டும் வருவதில்லை. அந்தக் குரலில் இருந்தும் வருகிறது. மாப்பிள்ளை வீட்டோடு போய் இருக்க வேண்டிய பெண்ணுக்கு வேலிக்கு அப்பால் இருப்பவர்கள் எல்லாரும் புருசனின் ஆட்கள். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரே படத்தைப் பார்த்து, ஒரே கோவிலுக்குப் போனவர்களாக இருக்கலாம். ஆனால் "புருசன் அடித்தால் என்ன செய்வாய்" என்ற கேள்விக்கு அவர்கள் சொல்லும் விடைகள் தூரத் தூர நிற்கும்.

இது வெறும் ஊகம் அல்ல என்பதற்குக் கேரளத்தில் ஒரு சான்று உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பண்டாவும் பீனா அகர்வாலும் செய்து 2005 இல் வெளிவந்த ஆய்வில், காணியும் வீடும் இல்லாத பெண்களில் 49 சதவீதத்தினர் கணவனிடம் நெடுகிலும் உடல்வழி வன்முறைக்கு உள்ளாகியிருந்தார்கள். காணி மட்டும் வைத்திருந்தவர்களில் அது 18, வீடு மட்டும் வைத்திருந்தவர்களில் 10, இரண்டும் இருந்தவர்களில் 7. போக ஒரு இடம் உண்டு என்பது அடிக்கும் கைக்கும் தெரியும்.

வன்னியில் இந்த ஏற்பாடு இரண்டு இடத்தில் பழுதாகிறது. ஒன்று பேமிற் காணி. குடியேற்றத் திட்டக் காணிகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டவை. குறித்த அளவுக்குக் கீழே அவற்றைத் துண்டாட முடியாது. பின்னுரிமையாளரைப் பெயர் குறிக்காவிட்டால் மகள்மாருக்கு முன்னால் மகன்மார் வரும்படி அந்தச் சட்டத்தின் அட்டவணை இருந்தது. 2022 இல்தான் அது திருத்தப்பட்டது. மூன்று பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு ஏக்கர் மேட்டுக்காணியைப் பிரித்துச் சீதனம் எழுத வழியில்லை. ஒருத்தி இருக்க, மற்ற இருவரும் எங்கோ போகிறார்கள். சகோதரிகள் அக்கம்பக்கத்தில் இருக்கும் பழைய காப்பு அதோடு அறுந்துபோகிறது. குடியேற்றத் திட்டப் பெண்கள் அடக்கமானவர்கள் என்று யாராவது சொன்னால், அதில் எவ்வளவு பண்பாடு, எவ்வளவு பேமிற் என்று முதலில் கேட்க வேண்டும்.

மற்றது தேசவழமை, வடக்குத் தமிழரின் வழக்குச் சட்டம். அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட மணமான பெண், சீதனக் காணி தன் பெயரிலேயே இருந்தாலும், கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். அவரும் அவளின் கையெழுத்து இல்லாமல் எதுவும் செய்ய முடியாது. இந்தப் பூட்டு இரண்டு பக்கமும் வேலை செய்வதால், கடன் நெருக்கும் நாளில் உறுதிப் பத்திரத்தைச் சுற்றி வரும் சண்டை மற்றச் சண்டைகளைவிடக் கடுமையாக இருக்கும். மறுப்பது அந்த நேரத்தில் அவள் கையில் இருக்கும் ஒரே பலம், ஊர் கண்ணுக்கு அதுவே அவளின் அடங்காத்தனம்.

துவக்குத் தூக்கியவர்களின் மகள்மார்

இன்று 18 முதல் 24 வயது வரை இருக்கும் வன்னிப் பெண்கள் 2009 மே 18 இல் போர் முடிந்தபோது கைக்குழந்தைகளாகவோ ஆரம்ப வகுப்பு வயதிலோ இருந்தவர்கள். பலருக்கு முதல் ஞாபகமே, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமின் தறப்பாள் கொட்டில். அந்த முகாம் 2012 செப்ரெம்பரில்தான் முழுதாக மூடப்பட்டது. இவர்களின் தாய்மாரிலும் சின்னம்மாமாரிலும் விடுதலைப் புலிகளிடம் ஆயுதப் பயிற்சி பெற்றவர்கள் இருந்தார்கள். விருப்பத்தோடு போனவர்களும் உண்டு, வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களும் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து "வீரத்தாய்மார்" என்று எழுதுவது அந்தப் பெண்களுக்கும் அநியாயம், விளக்கத்துக்கும் உதவாது.

1987 ஒக்டோபர் 10 இல் கோப்பாயில் சண்டையில் இறந்த முதல் பெண் புலியாக மாலதி விழுந்தது முதல், பெண் ஆயுதம் தூக்குவது பொதுநோக்கத்தின் பெயரில் மதிப்புப் பெற்றது. அந்த மதிப்பு ஒரு நிபந்தனையோடு வந்தது: தனக்காக அல்ல, எல்லாருக்காகவும். போர் முடிந்து புனர்வாழ்வு முகாமிலிருந்து திரும்பியபோது அந்தப் பெண்ணின் தலைமுடியின் நீளம், நடை, நேரே பார்த்துக் கதைக்கும் பழக்கம் எல்லாமே கலியாணச் சந்தையில் குறைகளாக எழுதப்பட்டன. முந்தநாள் வரை கட்டளை கொடுத்தவளுக்கு "கொஞ்சம் பார்த்து நட பிள்ளை" என்ற புத்திமதி. மகள்மார் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். பெண்ணின் ஆவேசத்துக்குக் கிடைக்கும் அங்கீகாரம் இரவலாக வருவது, கொடுத்தவர்கள் போனதும் அதுவும் போய்விடும் என்பதை அவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே படித்துவிட்டார்கள்.

போருக்கு முன்னைய வன்னியிலும் இந்த நிபந்தனை இருந்தது. வட்டாப்பளையில் வைகாசி விசாகப் பொங்கலுக்கு இலட்சக்கணக்கில் சனம் கூடுவது மதுரையை எரித்த ஒரு பெண்ணின் வாசலில். பாக்குத்தெண்டலில் தொடங்கி, தீர்த்தம் எடுத்து, கடல்நீரில் விளக்கெரித்து அந்த அம்மனைச் சாந்தப்படுத்துகிறார்கள். முல்லைத்தீவின் கோவலன் கூத்தில் வழக்குரைக்கும் இடம் வந்தால் சபை அசையாது. கண்ணகியின் கோபத்துக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. அவள் பத்தினி, குற்றம் செய்தவன் அரசன், எரித்தது கணவனுக்காக. அதே கண்ணகி மாதவி வீட்டிலிருந்து திரும்பி வந்த கோவலனிடம் ஒரு வார்த்தை கடுமையாகக் கேட்டிருந்தால் கோவில் எழுந்திருக்குமா என்பது சும்மா ஒரு பக்கக் கேள்வி. ஆனால் அதன் விடை எல்லாருக்கும் தெரியும்.

2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய வீதியோரப் போராட்டமும் இந்த வகுப்புக்குள் அடங்கும். மண்ணள்ளித் தூற்றுகிறார்கள், பொலிசாரோடு தள்ளுமுள்ளுப் படுகிறார்கள், அமைச்சர்மாரை முகத்துக்கு நேரே ஏசுகிறார்கள். தாய் என்ற இடத்தில் நின்று, பிள்ளைக்காகச் செய்வதால் ஊர் அதைத் தாங்குகிறது. கூட வரும் 20 வயதுப் பேத்தி அதே சொல்லைச் சொன்னால் "குமர்ப்பிள்ளை, நீ பின்னால நில்" என்று இழுத்துவிடுவார்கள். வயது ஒரு அனுமதிச்சீட்டு. கலியாணம் பேசவேண்டிய வயதில் அது செல்லாது.

கதை, மௌனம், கடன்புத்தகம்

கலியாண வயதில் ஆபத்தும் பலனும் எப்படி மாறுகின்றன என்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்கலாம். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பற்றி விசாரிக்க நேரே அவள் வீட்டுக்கு வருவதில்லை. சந்திக் கடை, ரியூசன் ஆசிரியர், நாலு வீடு தள்ளியிருக்கும் தூரத்துச் சொந்தம் என்று மூன்று இடத்தில் கேட்பார்கள். அங்கே யாராவது "பிள்ளை நல்ல பிள்ளை... கொஞ்சம் வாய்" என்று இழுத்துச் சொன்னால் போதும். சொன்னவருக்கு ஒரு ஆபத்தும் இல்லை, பொய்யும் சொல்லவில்லை. அடிபட்டவளுக்கோ யார் சொன்னது என்றே தெரியாது. முந்தி மொட்டைக் கடிதம் செய்த வேலையை இப்போது போலி முகநூல் கணக்கும் வாட்ஸ்அப்பில் கைமாறும் ஒரு குரல்பதிவும் செய்கின்றன. கடிதம் ஒரு வீட்டுக்குப் போனது, குரல்பதிவு கனடா வரைக்கும் போகிறது. பியோர்க்விஸ்றின் தராசில் இதைவிட மலிவான ஆயுதம் இல்லை. அதனால்தான் இளம்பெண்கள் பலர் கன்னத்தில் விழும் அறையைவிடக் கதையைப் பெரிய வன்முறையாகச் சொல்கிறார்கள். வினாக்கொத்துகள் அதைக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக வைத்திருக்கின்றன.

மௌனம் இதைவிட ஒழுங்கானது. இரண்டு வீடு "கோவம்" என்றால் அதற்குப் படிகள் உண்டு. முதலில் கதையில்லை. பிறகு கிணற்றில் தண்ணி அள்ளும் நேரத்தை மாற்றுவது. பிறகு நல்லது கெட்டதுக்குப் போகாமல் விடுவது. செத்தவீட்டுக்கும் போகவில்லை என்றால் அது கடைசிப் படி, அதிலிருந்து இறங்கப் பெரியவர்கள் யாராவது நடுவில் நிற்க வேண்டும். இந்தப் படிகளைப் பெண்களே பெரும்பாலும் நடத்துகிறார்கள். ஆண்கள் சந்தியில் கதைத்துக்கொண்டே இருப்பார்கள்.

போருக்குப் பிறகு வந்த புதிய சண்டைக்களம் நுண்நிதிக் கடன். ஐந்து பெண்கள் அளவில் ஒரு குழு, ஒருவருக்கொருவர் பிணை, வாராந்தத் தவணை. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அடுத்த கடன் ஒருவருக்கும் இல்லை. கடன் அறவிட வரும் இளைஞன் கூட்டம் முடியாமல் எழுந்து போக மாட்டான். அவன் யாரையும் ஏச வேண்டிய தேவையில்லை. மற்ற நாலு பெண்களும் ஏசுவார்கள். தவறியவளின் வீட்டு முற்றத்தில் போய்க் குந்தியிருப்பார்கள், சட்டி பானையைத் தூக்குவார்கள், அவளின் சீட்டுக்காசு, நகை, வெளிநாட்டுத் தம்பி எல்லாவற்றையும் பகிரங்கமாக எண்ணுவார்கள். நிறுவனத்தின் வன்முறை இப்படி அயலட்டைப் பெண்களின் வாய்வழியாக நடந்துவிடுகிறது. வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் 1 இலட்சம் ரூபாய் வரையிலான பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசு அறிவித்தது. முற்றத்தில் சொன்ன சொற்களைத் தள்ளுபடி செய்ய யாராலும் முடியவில்லை. அந்தக் குழுக்களில் இருந்த பலர் இன்றும் கோவம். "பொம்பிளையளுக்குப் பொம்பிளையள்தான் எதிரி" என்று ஊரில் சொல்வதற்கு இதையே உதாரணம் காட்டுகிறார்கள். தவணை அட்டவணையை எழுதியவர்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

கோபத்துக்கு வெளியே போக ஒரு வழியும் இல்லாதபோது அது தன்மேலேயே திரும்புவதும் உண்டு. சாப்பிடாமல் கிடப்பது தொடக்கம். அதைத் தாண்டிப் போகக்கூடும். "சும்மா வெருட்டுறாள்" என்று தள்ளிவிடக்கூடாத இடம் அது. தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

பிள்ளைக்கு விழும் அடியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. "முருங்கையை ஒடிச்சு வளர், பிள்ளையை அடிச்சு வளர்" என்பது வன்னியிலும் ஒப்புக்கொண்ட நீதி, அதைப் பெண்களே அதிகம் நிறைவேற்றுகிறார்கள், யாரும் கேள்வி கேட்பதில்லை. அதனாலேயே வன்நடத்தை பற்றிக் கேட்கும்போது எவரும் இதைக் கணக்கில் சேர்ப்பதும் இல்லை.

கேட்டுப் பார்ப்பது எப்படி

இலங்கையின் 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, மணமான பெண்களில் 17 சதவீதத்தினர் முந்திய 12 மாதத்துக்குள் துணைவரிடமிருந்து வீட்டு வன்முறையை அனுபவித்தார்கள். பெண்களின் நலன் பற்றி 2019 இல் நடந்த தேசிய ஆய்வின்படி, வாழ்நாளில் ஒரு முறையாவது துணைவரின் உடல்வழி அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளானோர் 20.4 சதவீதம். ஒரு வருடத்துக்கு 17, ஒரு வாழ்நாளுக்கு 20 என்று வருவதிலிருந்தே, எதை வன்முறை என்று எண்ணினார்கள், எப்படிக் கேட்டார்கள் என்பதில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று தெரியும். மனப்பாங்கைக் கேட்பது இன்னும் வழுக்கும்.

உலகம் முழுக்கப் பயன்படும் கேள்வித் தொகுதி ஐந்து காரணம் கேட்கும்: சொல்லாமல் வெளியே போனால், பிள்ளைகளைக் கவனிக்காவிட்டால், எதிர்த்துக் கதைத்தால், உறவுக்கு மறுத்தால், சாப்பாட்டைக் கருக்கினால் கணவன் அடிப்பது சரியா? வன்னியில் இதற்கு ஓம் என்று சொல்லும் பெண்களில் ஒரு பகுதியினர் "அப்படித்தான் நடக்கும்" என்கிறார்கள், "அப்படி நடக்க வேண்டும்" என்று அல்ல. வழக்கத்தையும் விதியையும் பிரித்துக் கேட்காவிட்டால் இரண்டும் ஒரே பெட்டிக்குள் விழும்.

நன்றாக வேலை செய்வது சின்னக் கதைகளை வைத்துக் கேட்பது. ஆறு முதல் எட்டுக் கதை போதும். ஒவ்வொன்றும் மூன்று நாலு வரி. ஒரு கதையை எடுத்து ஒரே ஒரு அம்சத்தை மட்டும் மாற்றி இன்னொரு கதை செய்ய வேண்டும். "சுதா சந்தியில் ஒருத்தனை அறைகிறாள், அவன் அவளின் தங்கச்சியைப் பகிடி பண்ணினான்." அடுத்ததில் அவன் சுதாவையே பகிடி பண்ணினான். மூன்றாவதில் அது சந்தி அல்ல, ஆளில்லாத ஒழுங்கை. நாலாவதில் சுதாவுக்கு 45 வயது. ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி, இந்த ஒழுங்கில்: ஊர் என்ன சொல்லும்? அவளின் அம்மா என்ன சொல்லுவா? நீங்கள் என்ன சொல்லுவீர்கள்? சொந்தக் கருத்தை முதலில் கேட்டால் ஊரின் விடையே வரும். ஊரின் விடையை முதலில் இறக்கி வைத்தால்தான் தன்னுடையதைச் சொல்ல இடம் கிடைக்கும்.

"முற்றிலும் உடன்படுகிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரையான ஐந்துபடி அளவுகோல் பெரும்பாலும் நடுவில் குவியும், மரியாதைக்காக. பத்துப் புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து "பத்துப் பேரில் எத்தனை பேர் சரி எண்டுவினம்?" என்று பிரித்து வைக்கச் சொல்லலாம். கொட்டையை நகர்த்தும்போது கை தயங்கும் இடத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

குழுவாகக் கேட்டால் ஆறு முதல் எட்டுப் பேர், ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இல்லை. மணமானவர்களும் மணமாகாதவர்களும் தனித்தனி. மருமகளும் மாமியும் ஒரே குழுவில் இருந்தால் அன்றைய குறிப்பேட்டைக் கிழித்துப் போடலாம். கிராம அலுவலர் அலுவலகத்தில் வைக்கக்கூடாது, நிவாரணப் பட்டியலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நினைத்து எல்லாரும் சரியான விடையைத் தேடுவார்கள். முன்பள்ளி மண்டபம் பரவாயில்லை. காலை பத்து மணிக்குச் சமையல் ஒதுங்கியிருக்கும், பன்னிரண்டரைக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நினைவு வந்துவிடும். பெரும்போக அறுவடைக் காலத்தில் போகவே வேண்டாம். முன்னாள் போராளியா என்று யாரிடமும் குழுவில் கேட்கக்கூடாது. கேட்டவரைப் பற்றிப் புலனாய்வாளர் விசாரிப்பதற்கு முன்பே ஊர் விசாரித்துவிடும்.

சொந்த அனுபவத்தைக் குழுவில் கேட்பது பிழை. தனியாக, ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும். இடையில் யாராவது வந்தால் உடனே மாற்றிக் கேட்பதற்குக் கிணற்றுத் தண்ணீர், பிள்ளைகளின் சாப்பாடு பற்றி இரண்டு பக்கக் கேள்விகள் மேலேயே இருக்க வேண்டும். உதவி இலக்கங்களை ஒரு தனித் துண்டில் அச்சடித்துக் கொடுத்தால் அந்தத் துண்டே வீட்டில் சண்டைக்குக் காரணமாகும். பிரதேச செயலகம், வைத்தியசாலை, மின்சார சபை இலக்கங்களுக்கு நடுவில் பெண்களுக்கான உதவி இலக்கமான 1938 ஐயும் சேர்த்துக் கொடுப்பது பாதுகாப்பு.

கடதாசியால் நடக்கும் சண்டை

பஸ்ஸில் பின்னைக் கொண்டு குத்தியவளைப் பாராட்டிய ஊர், அவள் பொலிசுக்குப் போனால் முகம் சுளிக்கும். ஐ.நா. சனத்தொகை நிதியம் 2015 இல் இலங்கை முழுவதும் செய்த ஆய்வில் பெண்களில் 90 சதவீதத்தினர் பொதுப் போக்குவரத்தில் பாலியல் தொந்தரவை அனுபவித்திருந்தார்கள். பொலிசின் உதவியை நாடியவர்கள் 4 சதவீதம். குத்து அந்த இடத்தோடு முடிகிறது. முறைப்பாட்டில் பெயர், முகவரி, திகதி எல்லாம் இருக்கின்றன. வன்னியின் தராசில் கையை விடக் கடதாசி கூடிய வன்நடத்தை.

வீட்டுக்குள் நடப்பதற்கு 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அடிப்பதை மட்டுமல்ல, உளரீதியான துன்புறுத்தலையும் அது உள்ளடக்குகிறது. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதிமன்றமும் ஏற்கும், எனவே கிளிநொச்சியில் அடிவாங்கித் தாய்வீடு இருக்கும் வவுனியாவுக்கு வந்தவள் வவுனியாவிலேயே கேட்கலாம். நீதவான் இடைக்காலக் கட்டளை கொடுத்து 14 நாளுக்குள் விசாரணைக்குத் திகதி இடுவார். விசாரணைக்குப் பிறகு வரும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை தண்டப்பணம், அல்லது இரண்டும்.

விண்ணப்பங்கள் கைவிடப்படுவது பெரும்பாலும் அந்த 14 நாளுக்குள். முதல் இரண்டு மூன்று நாள் ஒருவரும் வரமாட்டார்கள். பிறகு மச்சாள் வருவா, பிள்ளைகளுக்கு உடுப்போடு. அதற்குப் பிறகு கோவில் தலைவரோ பாதரோ ஓய்வுபெற்ற அதிபரோ வந்து, "கோட்டுக்குப் போன குடும்பம் ஒட்டாது பிள்ளை" என்பார்கள். "பிணக்கை இணக்கசபைக்குக் கொண்டுபோவம்" என்றும் சொல்லிப் பார்ப்பார்கள். கடைசியில் அவளின் சொந்தத் தாய், தங்கச்சிக்கு வந்திருக்கும் சம்பந்தத்தைப் பற்றி மெல்லத் தொடங்குவா. உத்தியோகத்தர்கள் செய்யக்கூடியது, விண்ணப்பம் போட்ட அன்றே இந்த வரிசையை அவளுக்குச் சொல்லிவைப்பது. நாலாம் நாளும் பத்தாம் நாளும் ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பது. விசாரணைத் திகதியன்று காலை அவளோடு பஸ் ஏறுவதற்கு ஒரு ஆளை, தமக்கையோ பக்கத்து வீட்டு அன்ரியோ, பெயர் குறித்து முன்கூட்டியே பேசிவைப்பது.